ஸ்கோஷியாபேங்க் அரினாவுக்கு முதல்முறை போகிறீர்களா? வீட்டைவிட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியவை

டொராண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் எட்டு வயது மகளை ராப்டர்ஸ் கூடைப்பந்து ஆட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். கூட மனைவியும், ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரும். ஆட்டம் ஏழரை மணிக்கு. நாங்கள் சீட்டில் உட்காரும்போது மணி எட்டேகால். இடையில் நடந்தது இவ்வளவுதான்: தெரிந்தவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த டிக்கெட் படத்தை வாசலில் ஸ்கேனர் ஏற்கவில்லை. முதுகில் மாட்டியிருந்த பையை உள்ளே விடவில்லை. அவருக்குப் போன் போட்டு டிக்கெட்டை முறையாக மாற்றித் தரச் சொல்வதற்குள் என் போனில் சார்ஜ் நான்கு சதவீதத்துக்கு வந்துவிட்டது. மாமனார் அந்தக் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு ஒரு தூணோரம் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கப்புறம் அதே அரங்குக்குப் பலமுறை போய்விட்டோம், ஆட்டத்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும். உள்ளே போய்விட்டால் எல்லாம் சுகம்தான். சிக்கல் எல்லாம் வாசலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில். அதில் முக்கால்வாசியை முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து தீர்த்துவிடலாம். புதிதாக வந்தவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். விலைகள் எல்லாம் கனடா டாலரில். பயணக் கட்டணங்கள் அவ்வப்போது கூடும், அதனால் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கட்டடம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஸ்கோஷியாபேங்க் அரினா இருப்பது 40, பே ஸ்ட்ரீட்டில், யூனியன் ஸ்டேஷனுக்குத் தெற்கே ஒட்டினாற்போல. 2018 வரை இதற்கு ஏர் கனடா சென்டர் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் 'ஏசிசி' என்றுதான் சொல்வார்கள். ராப்டர்ஸ் கூடைப்பந்தும் மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கியும் இங்கேதான்.

ஸ்கோஷியாபேங்க் என்ற பெயர் இந்த ஊரில் ஒரு சினிமா தியேட்டருக்கும் உண்டு. கால்கரியில் ஸ்கோஷியாபேங்க் சாடில்டோம், ஹாலிஃபாக்ஸில் ஸ்கோஷியாபேங்க் சென்டர் என்று வேறு அரங்குகளும் இருக்கின்றன. ஒரே பாடகர் நாலைந்து ஊர்களில் பாடும்போது, அவசரத்தில் வேறு ஊர் டிக்கெட்டை வாங்கிவிட வாய்ப்பு அதிகம். பணம் கட்டுமுன் ஊர் பெயரையும் தேதியையும் வாய்விட்டுப் படியுங்கள்.

சிஎன் டவர் அடியில் இருக்கும் பெரிய விளையாட்டரங்கம் ரோஜர்ஸ் சென்டர். அது வேறு. 2013-இல் இளையராஜா கச்சேரி நடந்தது அங்கேதான். அதனால் நம் ஆட்களில் சிலர் 'டவுன்டவுன் ஸ்டேடியம்' என்றாலே அதைத்தான் நினைப்பார்கள். தமிழ் நிகழ்ச்சிகள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அரங்கில் நடக்கும் என்பதால், யாராவது "வழக்கமான இடம்தான்" என்று சொன்னாலும் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

2. டிக்கெட் வாங்குவது

இந்த அரங்கின் ஆட்டங்களுக்கும் பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கும் டிக்கெட்மாஸ்டர் தளத்தில்தான் விற்பனை. விற்பனை தொடங்குவதற்கு முந்தின நாளே கணக்குத் தொடங்கி, கார்டு விவரத்தைச் சேமித்து, போனிலும் ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். பெரிய நிகழ்ச்சி என்றால் இணையத்திலேயே வரிசையில் நிற்க வைப்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், வரிசையில் உங்கள் இடம் போய்விடலாம். பொது விற்பனைக்கு முன்னால் ரசிகர் மன்றம், வங்கி அட்டை, தொலைபேசி நிறுவனம் என்று ஏதாவது ஒரு வழியில் முன்விற்பனை நடக்கும். அதற்கு ஒரு குறியீடு வேண்டும். உங்கள் வங்கியோ போன் நிறுவனமோ அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அரங்கின் வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் ஒன்றல்ல. சில நேரடி விற்பனை டிக்கெட். சில, ஏற்கெனவே வாங்கியவர் மறுபடி விற்பது. இன்னும் சில, தேவைக்கேற்ப விலை ஏறுகிற 'பிளாட்டினம்' வகை. பக்கத்துப் பக்கத்து இரண்டு சீட்டுக்கு இரண்டு மடங்கு விலை வித்தியாசம் இருப்பதற்கு இதுதான் காரணம். மறுவிற்பனையை மறைத்துவிட்டுத் தேட ஒரு வடிகட்டி இருக்கிறது. முதலில் அதைப் போட்டு, நேரடி விற்பனையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

பார்க்கும் விலை அமெரிக்க டாலரா கனடா டாலரா என்பதையும் கவனியுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து மறுவிற்பனைத் தளங்கள் பல அமெரிக்க டாலரில் காட்டும். மலிவு என்று தாவி வாங்கினால் கார்டு பில்லில் தெரியும். ஒன்டாரியோவில் டிக்கெட் விற்பவர் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆகவே முதல் பக்கத்தில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் ஒரு விலை என்று எந்தத் தளமாவது காட்டினால் அங்கே வாங்க வேண்டாம்.

செலவு குறைய என் யோசனை: வாரநாளில் நடக்கும் ராப்டர்ஸ் ஆட்டம். இரண்டு அணிகளுக்கும் பருவம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும், அதனால் தேர்ந்தெடுக்க நிறைய நாள்கள் இருக்கின்றன. சனிக்கிழமை இரவு லீஃப்ஸ் ஆட்டம் இந்த ஊரின் திருவிழா மாதிரி. அதற்கு நான்கு பேர் கொண்ட குடும்பம் போவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய செலவு. ஹாக்கிதான் பார்க்க வேண்டும் என்றால், செப்டம்பர் கடைசியில் நடக்கும் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களைத் தேடுங்கள். பெரிய வீரர்கள் எல்லோரும் ஆடமாட்டார்கள், ஆனால் பனித்தளமும் வேகமும் அதேதான்.

3. தெரிந்தவரிடம் வாங்கினால்

எங்களுக்கு அடி விழுந்தது இங்கேதான். இப்போதைய டிக்கெட்டில் உள்ள பட்டைக்குறி சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதைப் படம் பிடித்து அனுப்பினால் அது செத்த டிக்கெட். பிடிஎஃப், தாளில் எடுத்த அச்சு எதுவும் செல்லாது. டிக்கெட்மாஸ்டர் செயலிக்குள்ளேயே 'டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. விற்பவர் அதை அழுத்தி உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் உங்கள் கணக்கில் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் கணக்கில் டிக்கெட் வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். நண்பராக இருந்தாலும் இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். எங்களுக்கு விற்றவரும் நல்ல மனிதர்தான். அவருக்கும் இது தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஃபேஸ்புக் குழுக்களில் முகம் தெரியாதவரிடம் வாங்குவதை அறவே விட்டுவிடுங்கள்.

4. எந்த சீட்

நூற்று எண் பகுதிகள் கீழ்த்தட்டு. முந்நூற்று எண் பகுதிகள் மேல்தட்டு. நடுவே இருநூற்று எண்ணில் வருபவை நிறுவனங்களுக்கான தனி அறைகள். மேல்தட்டிலிருந்தும் ஆட்டம் நன்றாகத் தெரியும். இன்னும் சொன்னால், ஹாக்கியில் யார் எங்கே நகர்கிறார் என்பது மேலேயிருந்துதான் தெளிவாகப் புரியும். ஆனால் படிகள் செங்குத்து. என் மாமனாருக்கு முழங்கால் வலி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார், மேலே ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். பெரியவர்களைக் கூட்டிப்போனால் கீழ்த்தட்டு, அல்லது மேல்தட்டில் நுழைவழிக்குப் பக்கத்து வரிசை. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் படி ஏற முடியாதவர்களுக்கும் தனி இருக்கைகள் இருக்கின்றன. அவற்றை வாங்கும்போதே வடிகட்டியில் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

இசை நிகழ்ச்சிக்குக் கணக்கே வேறு. மேடைக்கு முன்னால் தரையில் போடும் நாற்காலிகளுக்குத்தான் அதிக விலை. ஆனால் தரை சமதளம். முதல் பாட்டிலேயே எல்லோரும் எழுந்துவிடுவார்கள், குழந்தைக்கு முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும். அதைவிடப் பக்கவாட்டுக் கீழ்த்தட்டு எவ்வளவோ மேல். மேடைக்குப் பின்புறம், பார்வை மறைக்கும் இருக்கை என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால் அதை நம்புங்கள், உண்மையாகவே மறைக்கும்.

5. முந்தின இரவு: போன், அட்டைகள், ஆவணங்கள்

டிக்கெட்டைச் செயலியில் விட்டுவிடாமல் ஆப்பிள் வாலட் அல்லது கூகுள் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். பத்தொன்பதாயிரம் பேருக்கு மேல் ஒரே இடத்தில் கூடும்போது இணையம் திணறும். வாலட்டில் இருந்தால் இணையம் இல்லாமலும் திறக்கும். நான்கு டிக்கெட்டும் ஒரே போனில் இருக்கலாம், ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளிக் காட்டினால் போதும். ஆனால் நான் இப்போதெல்லாம் மனைவியின் போனுக்கு இரண்டை மாற்றிவிடுகிறேன். ஒருவர் பின்தங்கினாலும், ஒரு போன் அணைந்தாலும் மற்றவர் உள்ளே போகலாம். சின்ன பவர் பேங்க் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை:

- டிக்கெட் வாங்கிய கார்டு, அல்லது வேறு ஏதாவது வங்கி அட்டை. அரங்குக்குள் ரொக்கம் வாங்குவதில்லை.
- படம் போட்ட அடையாள அட்டை. ஒன்டாரியோவில் மது வாங்க 19 வயது ஆகியிருக்க வேண்டும், இளமையாகத் தெரிந்தால் கட்டாயம் கேட்பார்கள். ஊரிலிருந்து வந்தவர்களிடம் பாஸ்போர்ட்தான் இருக்கும். மது வாங்கப்போவதில்லை என்றால் அதை இந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம்.
- பிரஸ்டோ அட்டை (இங்கே ரயிலிலும் பேருந்திலும் கட்டணத்துக்காகத் தொடும் அட்டை). 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அது அட்டையில் பதிந்திருந்தால்தான் கிடைக்கும். ஷாப்பர்ஸ் டிரக் மார்ட் கடையில் வயதைக் காட்டும் ஆவணத்தைக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். இதை ஆட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

6. பையும் உடையும்

முதுகுப்பையைக் கொண்டுபோகாதீர்கள். எந்த அளவுப் பை உள்ளே விடப்படும் என்று அரங்கின் தளத்திலும், நிகழ்ச்சிக்கு முன்னால் வரும் மின்னஞ்சலிலும் போட்டிருப்பார்கள். அந்த மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள். அன்று நான் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு யூனியன் ஸ்டேஷனுக்குத் திரும்பி ஓடி, பணம் கொடுத்துப் பை வைக்கும் இடம் தேடியதில் இருபது நிமிடம் போனது. இப்போது எங்கள் வழக்கம், பையே கிடையாது. கோட் பாக்கெட்டில் அடங்குவது மட்டும்.

வெளிச் சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். கைக்குழந்தைக்கான பால், மருந்து போன்றவை இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் அதைத் தனியாக எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். லென்ஸ் கழற்றி மாட்டும் பெரிய கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் எல்லோரும் தடித்த கோட்டுடன் வருவார்கள். இருக்கை ஒடுக்கம், அதனால் கோட்டை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மடித்துச் சுருட்டக்கூடிய கோட் நல்லது. குழந்தைக்குக் காது மூடி ஒன்று வாங்கிவிடுங்கள். வெடிச்சத்தம் போல இசை அதிரும். என் மகள் முதல் பத்து நிமிடம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தாள்.

7. போய்ச் சேர்வது

காரில் போக வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் ஆட்ட நாளில் நிறுத்தக் கட்டணம் கண்டபடி ஏறும், முடிந்ததும் கார் வெளியே வரவே அரை மணிக்கு மேல் ஆகும்.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஸ்டூஃப்வில் வழித்தட கோ (GO) ரயில், அதாவது புறநகர் ரயில். யூனியன்வில், மில்லிகன், அஜின்கோர்ட், கென்னடி எல்லாம் அதில்தான் வருகின்றன. பெரும்பாலான கோ நிலையங்களில் காரை இலவசமாக நிறுத்தலாம். கென்னடியிலிருந்து யூனியன் சுமார் அரை மணி நேரம். அதே தூரம் சப்வே என்னும் சுரங்க ரயிலில் முக்கால் மணி. சனி ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் 10 டாலருக்கு நாள் முழுக்கக் கோ ரயிலிலும் பேருந்திலும் போகும் பாஸ் இணையத்தில் கிடைக்கும். தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அது லாபம். 12 வயது வரை குழந்தைகளுக்குக் கோ வண்டிகளிலும், டிடிசியிலும் (டொராண்டோ நகரின் சப்வே, பேருந்து, டிராம்) கட்டணம் இல்லை.

மிசிசாகா, மில்டன் பக்கத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மில்டன் வழித்தடத்தில் வார இறுதியில் ரயில் கிடையாது, பேருந்துதான்.

டிடிசியில் வந்தால் பிரஸ்டோ அல்லது வங்கி அட்டையில் 3.30 டாலர். இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை மாறினாலும் அதே கட்டணம். டிடிசியிலிருந்து கோவுக்கு மாறினால் டிடிசி கட்டணம் கழிந்துவிடும், ஆனால் இரண்டிலும் ஒரே அட்டையைத் தொட வேண்டும். ஒன்றில் பிரஸ்டோ, இன்னொன்றில் கிரெடிட் கார்டு என்று தொட்டால் இரண்டும் முழுசாகப் போகும். வார இறுதியில் பராமரிப்புக்காகச் சப்வேயில் சில நிலையங்களை மூடுவது இங்கே சகஜம். காலையிலேயே பார்த்துவிடுங்கள். பியர்சன் விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறவர்களுக்கு யூபி எக்ஸ்பிரஸ் ரயில், 25 நிமிடம்.

யூனியன் ஸ்டேஷன் பெரியது, முதல்முறை போகிறவர்கள் அங்கே சுற்றித் திரிவார்கள். உள்ளிருந்தே அரங்குக்கு நடைவழி இருக்கிறது, குளிரில் வெளியே வர வேண்டியதில்லை. ஆனால் 'ஸ்கைவாக்' என்று போட்டிருக்கும் வழியில் போனால் சிஎன் டவர், ரோஜர்ஸ் சென்டர் பக்கம் போய்விடுவீர்கள். மேலே தொங்கும் பலகையில் அரினா பெயரைத் தேடிப் போங்கள். குழப்பமானால், அணியின் பனியன் போட்டவர்கள் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கம் நடங்கள்.

ஏழரை மணி ஆட்டத்துக்கு எங்கள் கணக்கு: ஐந்தே முக்காலுக்கு யூனியனில் இறங்குவது. ஸ்டேஷனுக்குள் இருக்கும் உணவுக்கடைகளில் சாப்பிடுவது. ஆறே முக்காலுக்கு வாசல்.

8. வாசலும் உள்ளேயும்

கதவு வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பு திறக்கும். கடைசி இருபது நிமிடத்தில்தான் கூட்டம் நெரியும். உலோகச் சோதனை வாயில் வழியாகப் போக வேண்டும். பாக்கெட்டில் இருப்பதை முன்கூட்டியே கையில் எடுத்துக்கொண்டால் வரிசை ஓடும். ஒருமுறை உள்ளே போய்விட்டு வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள். புகைபிடிக்கும் பழக்கம் உள்ள உறவினர் கூட வந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளே சாப்பாடு விலை அதிகம். அதன் மேல் 13 சதவீத வரி. அட்டை இயந்திரம் டிப்ஸும் கேட்கும். கவுன்டரில் வாங்குவதற்கு டிப்ஸ் கட்டாயமில்லை, பூஜ்யத்தை அழுத்தலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். சைவக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பூட்டீன் என்பது பார்வைக்கு உருளைக்கிழங்கும் சீஸும்தான், ஆனால் மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் மாட்டிறைச்சி அல்லது கோழிச் சாற்றில் செய்வது. கேட்காமல் வாங்காதீர்கள். எங்கள் மாமனார் அன்று பாப்கார்னில் பொழுதை ஓட்டினார்.

ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாடுவார்கள். எதிரணி அமெரிக்க அணி என்றால் இரண்டு நாட்டுக் கீதமும் உண்டு. எழுந்து நின்று தொப்பியைக் கழற்ற வேண்டும். ஹாக்கியில் ஆட்டம் ஓடும்போது படியில் இறங்கி சீட்டுக்குப் போக விடமாட்டார்கள். மேலே நிற்கும் ஊழியர் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்துவார், விசில் ஊதியதும் விடுவார். நம்மைத்தான் தடுக்கிறார் என்று முகம் வாட வேண்டாம், அது எல்லோருக்கும் பொதுவான வழக்கம். ஹாக்கியில் இருபது நிமிடமாக மூன்று பகுதிகள், நடுவே இரண்டு நீண்ட இடைவேளைகள். மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும். இடைவேளை மணி அடித்ததும் கழிப்பறை வரிசை நீளும். குழந்தை இருந்தால் ஒரு நிமிடம் முன்பே எழுந்துவிடுங்கள்.

உங்கள் பகுதி எண் எழுதியிருக்கும் பலகையை மகனோ மகளோ கண்ணால் பார்த்துப் படிக்கட்டும். வளையமாகச் சுற்றி வரும் நடைபாதையில் எல்லா இடமும் ஒன்று போலவே இருக்கும்.

9. திரும்புவது

கிளம்பும்போதே கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வையுங்கள். இசை நிகழ்ச்சி பதினொன்றைத் தாண்டலாம், ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகலாம். கோ ரயில் தவறினால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க நேரலாம். சப்வே இரவு சுமார் ஒன்றரை மணி வரை ஓடும். கென்னடி போகிறவர்கள் யூனியனில் ஃபின்ச் பக்கம் போகும் வண்டியில் ஏறி, புளோர்-யங்கில் மாற வேண்டும். யூனியனில் இரண்டு பக்கத்துக்கும் வண்டி உண்டு. கூட்டத்தோடு எதில் வேண்டுமானாலும் ஏறிவிட்டால் எதிர்த் திசையில் வான் (Vaughan) நகரப் பக்கம் போய்விடுவீர்கள்.

ஊபர் கூப்பிடுவதானால் வாசலில் நின்று கூப்பிடாதீர்கள். விலை இரண்டு மடங்காகக் காட்டும், வண்டியும் கூட்டத்துக்குள் வர முடியாது. வடக்கே பத்து நிமிடம் நடந்து கிங் ஸ்ட்ரீட்டைத் தாண்டிப் பாருங்கள்.

கோ ரயிலில் போனவர்கள் இறங்கியதும் அட்டையை மறுபடி தொட வேண்டும். டிடிசியில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும் என்பதால் இதைப் பலர் மறக்கிறார்கள். தொடாவிட்டால் வழித்தடத்தின் கடைசி நிலையம் வரை போனதாகக் கணக்கிட்டுப் பணம் எடுத்துவிடும். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும், ஒரு கையில் கோட்டும் வாங்கிய தொப்பியும் இருக்கும். அதனால் ரயில் நிற்குமுன்னே அட்டையை எடுத்து இன்னொரு கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொடும் இயந்திரம் நடைமேடையிலேயே, வெளியே போகும் வழியில் பச்சை நிறத்தில் நிற்கும்.